வடுவும் வலுவும்: கைத்தடி மரங்களைப் பற்றி ஓர் ஆய்வு

பாரிஸின் லா சப்பல் பகுதிக்குத் தமிழர்கள் பெருமளவில் வந்து சேரத் தொடங்கியது 1980களில். இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இருபது, இருபத்தைந்து வயதில் வந்திறங்கியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஃபோபூர் சேன்-தெனி வீதியிலும், பெர்தோனே, லூயி பிளாங் போன்ற தெருக்களிலும் மளிகைக்கடை வந்தது, நகைக்கடை வந்தது, புடவைக்கடையும் பலகாரக்கடையும் வந்தன. இப்போது முதுமையும் வந்திருக்கிறது. முழங்கால் தேய்ந்தவர் மருத்துவரின் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனால் அலுமினியத் தடி ஒன்று கிடைக்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கத் துளைகளும், அடியில் ரப்பர் பூணும் இருக்கும். செலவில் மருத்துவக் காப்பீடும் பங்கேற்கும்.

அதே ஃபோபூர் சேன்-தெனி வீதியில் தெற்கு நோக்கி நடந்தால், 1672இல் பதினான்காம் லூயிக்காக எழுப்பிய சேன்-தெனி வளைவு வரும். அங்கிருந்து வலப்புறம் திரும்பி அகலச் சாலை வழியே போனால் பசாஜ் ழூஃப்ருவா என்ற கண்ணாடிக் கூரை போட்ட கடைவழி. 1840களில் கட்டிய அந்தக் கடைவழி, பழைய கைத்தடிகளுக்கு நெடுங்காலமாகப் பேர்போனது. வெள்ளிக் குமிழ், தந்தப் பிடி, உள்ளே கத்தி ஒளித்த தடி, மதுக்குப்பி செருகிய தடி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸின் பகட்டெல்லாம் அப்படிப்பட்ட கடைகளில்தான் தங்கியிருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் இடையே மூன்று கிலோமீட்டர்கூட இராது.

அலுமினியத் தடி தாங்கும், ஆனால் அதைப் பார்த்து யாரும் நிற்பதில்லை. கண்ணாடிப் பேழையிலுள்ள தடியை எல்லோரும் நின்று பார்க்கிறார்கள், அதன்மேல் யாரும் சாய்வதில்லை. தாங்கவும் வேண்டும், கண்ணுக்கும் நிறைவாக இருக்க வேண்டும் என்றால் மரத்திடம்தான் போக வேண்டும். மரத்தில் அழகு எங்கிருந்து வருகிறது? அந்த அழகு தடியின் வேலைக்குத் துணையா, இடைஞ்சலா? வட அமெரிக்காவின் வில்லோ, பிரான்ஸின் தென்மேற்கிலுள்ள பாஸ்க் நாட்டு மெட்லர், நம் பனையும் மூங்கிலும் ஆகிய மூன்று வகைத் தடிகளை ஒப்பிட்டு இக்கட்டுரை விடை தேடுகிறது.

பட்ட காயம் பலம் தரும் என்று மனிதருக்கு ஆறுதல் சொல்வது வழக்கம். மரத்தில் அது பாதி உண்மை. ஒரு வகை வடு தடியின் வலுவைத் தின்றுவிடுகிறது, இன்னொரு வகை அதைத் தொடுவதே இல்லை. வேறு சில தாவரங்களுக்கு வடுவைக் கோலமாக மாற்றும் திறனே கிடையாது. தமிழ் மரபில் கைத்தடியின் பெருமை தண்டில் இல்லாமல் பூணிலும் குமிழிலும் போய்க் குவிந்ததற்கு இந்தக் கடைசி வகையே காரணம் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருதுகோள்.

நோய் வரைந்த சாய்சதுரம்

வில்லோவைத் தமிழ் வாசகர்களுக்குக் கிரிக்கெட் மட்டை வழியே தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆற்றோரங்களில் வளரும் ஆற்றுப்பாலையும் அதே சாலிக்ஸ் பேரினத்தைச் சேர்ந்ததுதான். பாரிஸ்காரர்களுக்கு வில்லோ என்றால் பெர் லாஷேஸ் இடுகாட்டில் கவிஞர் ஆல்ஃப்ரெத் த முய்சேயின் கல்லறை அருகே நிற்கும் மரம் நினைவுக்கு வரும். தம் கல்லறையில் ஒரு வில்லோவை நடச் சொல்லி அவர் கவிதையிலேயே கேட்டிருந்தார். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் அது கூடைக்கான மரம். வீலேன்-லே-ரோஷே என்ற ஊரில் 1849இல் தொடங்கிய கூடை முடைவோர் கூட்டுறவு இன்றும் அதன் வளாரை நம்பித்தான் நடக்கிறது. வளைய வேண்டியதற்கு வில்லோ, நிமிர்ந்து நிற்க வேண்டியதற்குச் செஸ்ட்நட் என்பது இங்கே பொதுவான பிரிவினை.

வில்லோவில் கைத்தடி செய்யும் வழக்கம் வேரூன்றியது அலாஸ்காவிலும் கனடாவின் வட பகுதிகளிலும்தான். அங்குள்ள பெப் வில்லோ உள்ளிட்ட சில இனங்களின் தண்டில், பட்டையை உரித்ததும் சாய்சதுர வடிவக் குழிகள் வரிசையாகத் தெரியும். சுற்றிலும் பாலேட்டு வெண்மை, குழிக்குள் செம்பழுப்பு. செதுக்குச் சிற்பம் போலிருக்கும் இதில் மனிதக் கையின் வேலை முதலில் எதுவும் கிடையாது.

அது எப்படி ஏற்படுகிறது? அடர்ந்த, ஈரமான, வெயில் குறைந்த இடத்தில் வில்லோவின் கீழ்க்கிளைகள் ஒளி கிடைக்காமல் பட்டுப்போகும். பட்ட கிளையின் அடி வழியாகப் பூஞ்சை தண்டுக்குள் நுழையும். இதோடு பெரும்பாலும் சேர்த்துச் சொல்லப்படுவது வால்சா சார்டிடா என்ற பூஞ்சை. அது பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளர்திசுவைக் கொல்லும். வளர்திசு செத்த இடத்தில் புதிய மரம் உருவாகாது, சுற்றியுள்ள இடம் மட்டும் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். எனவே நோய் கண்ட இடம் குழியாகத் தங்கிவிடுகிறது. மரத்தின் நார்கள் நெடுக்காக ஓடுவதால் சாவு மேலும் கீழும் வேகமாகப் பரவுகிறது, பக்கவாட்டில் மெதுவாகவே நகர்கிறது. அதனால்தான் குழி வட்டமாக இல்லாமல், இரு முனையும் கூர்ந்த சாய்சதுரமாகிறது. ஒவ்வொன்றின் நடுவிலும் அநேகமாக ஒரு பட்ட கிளையின் முளை தெரியும். நோய் புகுந்த வாசல் அது. அலாஸ்காவில் இந்த மரங்களை ஆராய்ந்த வனவியலாளர் லுட்ஸ் தம் கட்டுரையை 1958இல் வெளியிட்டார்.

இதற்குப் பின்னாலுள்ள பொதுவிதியை விளக்கியவர் அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷிகோ. ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்த அவர் 1977இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இது: மரத்துக்குப் புண் ஆறுவதில்லை, மூடத்தான் படுகிறது. மனித உடலில் செத்த திசுவின் இடத்தில் புதுத் திசு வளர்கிறது. மரமோ நோயுற்ற பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதை உள்ளேயே அடைத்துவிட்டு, வெளிப்பக்கம் வளர்ந்துகொண்டு போகிறது. பழுது அழிவதில்லை, கடைசிவரை உள்ளேயே இருக்கும். வில்லோவின் சாய்சதுரம் மரம் எழுப்பிய அந்த எல்லையின் கோடு.

நோயில் விளைந்த பொருளுக்கு மதிப்புக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. அகில் அப்படிப்பட்டது. நோயற்ற அகில் மரம் வெளிறியது, மணமற்றது. காயத்தில் பூஞ்சை தொற்றி, மரம் தற்காப்பாகச் சுரக்கும் பிசின் ஊறிக் கறுத்த பாகம்தான் விலைபோகிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பண்டங்களில் அகிலையும் பட்டினப்பாலை சேர்க்கிறது. இதற்காகவே காடுகளில் மரங்கள் வெட்டுண்டு அருகிப்போனதால் 1995இல் அக்விலாரியா மலாக்கென்சிஸ் இனம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. அகிலில் நோயின் விளைவை எரித்து முகர்கிறோம். வில்லோவில் அதன்மேல் உடலைச் சாய்க்க வேண்டியிருக்கிறது, சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கத்தி எங்கே நிற்க வேண்டும்

தடிக்கு ஏற்ற வில்லோவைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்ப்பது நேரான தண்டு, கைக்கு அடங்கும் பருமன், நெருங்கிய சாய்சதுரங்கள். கோடைத் தொடக்கத்தில், உயிர்ச்சாறு ஓடும் நாளில் வெட்டினால் பட்டை நாராக உரிந்துவரும். குளிர்காலத்தில் வெட்டியதைக் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டிய முனைகளில் மெழுகோ வண்ணமோ பூசுவார்கள். இல்லாவிட்டால் ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறி மரம் வெடித்துவிடும். பிறகு அடுப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் தள்ளி, நிழலில் மாதக்கணக்கில் காயவிடுவார்கள்.

காய்ந்தபின் நடக்கும் வேலைதான் கைத்திறனைக் காட்டுகிறது. ஒவ்வொரு சாய்சதுரத்துக்குள்ளும் செத்த பட்டை கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். சிறு கத்தியின் நுனியால் அதை நோண்டி எடுக்க வேண்டும். பட்டை போனதும் செம்பழுப்பு வைரம் தெரியும். அதற்கும் சுற்றியுள்ள வெள்ளைப்பகுதிக்கும் இடையே உதடு போல ஒரு விளிம்பு எழும்பி நிற்கும். பழகாதவர் அந்த உதட்டைச் சீவித் தள்ளி, தடியை வழவழவென்று ஒரே பருமனுக்குக் கொண்டுவரப் பார்ப்பார். பழகியவர் விளிம்பின் கூரை மட்டும் உருட்டிவிட்டுக் கத்தியை நிறுத்துவார். அதன்பின் உப்புத்தாளால் கரடிலிருந்து நைசுக்கு வரிசையாகத் தேய்த்து, ஆளி விதை எண்ணெய் பூசினால் வெள்ளையும் சிவப்பும் நன்கு பிரிந்து தெரியும்.

அங்கே நிறுத்துவதற்கு இயற்பியல் காரணம் உண்டு. உருண்டைத் தண்டு வளைவைத் தாங்கும் வலு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தடியை 20 மில்லிமீட்டருக்குச் சீவினால், போனது ஐந்து மில்லிமீட்டர்தான் என்று தோன்றும். ஆனால் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். தடி வளையும்போது இழுவையும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பது வெளிப்புற நார்களில். சாய்சதுரக் குழி இருப்பதும் அதே வெளிப்புறத்தில். குழியின் விளிம்புகளில் நார்கள் அறுபடுவதால் அழுத்தம் அங்கே குவியும். வில்லோ ஏற்கெனவே எடை குறைந்த, மென்மையான மரம். அதன் வெளிநார்களில் நோய் ஒரு பங்கைத் தின்றுவிட்டது, கத்தி இன்னொரு பங்கைத் தின்றால் மிஞ்சுவது சுவரில் மாட்டத்தான் உதவும்.

ஆகவே வில்லோத் தடியில் அழகு என்பது கழித்தல் கணக்கு. குழிகள் எத்தனை என்பதைவிட அவை எப்படி அமைந்திருக்கின்றன என்பது முக்கியம். ஒரே உயரத்தில் மூன்று பக்கமும் குழி விழுந்த தண்டு, அந்த இடத்தில் இடுப்பொடிந்ததற்குச் சமம். குழிகள் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுற்றிவரும் தண்டில் எந்த உயரத்தில் வெட்டிப் பார்த்தாலும் போதிய மரம் மிஞ்சும். நன்றாக அமைந்த வில்லோ தடிகளில் பல, நெஞ்சுயரத்துக்கு வரும் பருத்த மலையேற்றக் கோல்களாகவே இருப்பதற்கும் இது பொருந்திவருகிறது. இழப்பைத் தாங்கப் பருமன் வேண்டும்.

உயிர்மரத்தில் கீறிய கோலம்

பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பாஸ்க் நாட்டில் இதற்கு நேர்மாறான மரபு ஒன்று இருக்கிறது. அங்கே தடியின் பெயர் மக்கிலா, மரம் மெட்லர். இது ஆப்பிள், ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமரம், கெட்டியான மரம். பயோன் நகருக்கு அருகிலுள்ள லாரெசோர் என்ற சிற்றூரில் ஐன்சியார் பெர்கரா பட்டறை தலைமுறை தலைமுறையாக மக்கிலா செய்துவருகிறது. கைத்தொழில் பாரம்பரியம் காக்கும் நிறுவனங்களுக்குப் பிரெஞ்சு அரசு தரும் அங்கீகாரமும் அதற்கு உண்டு.

வேலை தொடங்குவது பட்டறையில் அல்ல, காட்டில். வசந்தத்தில், சாறு ஏறும் நாளில், மண்ணில் நிற்கும் உயிருள்ள மெட்லர் தண்டின் பட்டையில் கைவினைஞர் வரி வரியாகக் கீறல் போடுவார். வெட்டு ஆழம் போகாது, பட்டையைத் தாண்டி வளர்திசுவைத் தொட்டதும் நின்றுவிடும். மரம் அந்தக் கீறலை மூடுவதற்குப் புதுத் திசுவைத் தள்ளும். கோடை முழுவதும் வளர்ந்து, கீறிய இடமெல்லாம் தழும்பாகப் புடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் தண்டை வெட்டி, சூடுகாட்டிப் பட்டையை உரித்தால் மரத்தின் மேற்பரப்பில் புடைப்புக் கோலம் வெளிப்படும். பிறகு ஆண்டுக்கணக்கில் உலர்த்தல். கோணலை அனலில் வாட்டி நிமிர்த்தல். நிறம் ஏற்றும் முறையைப் பட்டறைகள் வெளியில் சொல்வதில்லை. அடியில் உலோகப் பூண், மேலே பின்னிய தோல் பிடி, பிடிக்குள் மறைந்திருக்கும் கூர்முனை, உடையவரின் பெயர், அவர் தேர்ந்தெடுத்த பாஸ்க் மொழி வாசகம் என்று சேர்ந்த பிறகே அது மக்கிலா.

சந்தியாகோ த கொம்போஸ்தேலா நோக்கி நடந்த யாத்திரிகர்களின் பழைய பாதை இந்தப் பாஸ்க் நாட்டின் வழியேதான் ஸ்பெயினுக்குள் நுழைகிறது. பாரிஸின் நடுவே நிற்கும் சேன்-ழாக் கோபுரம் அந்த யாத்திரை கூடிப் புறப்பட்ட இடங்களில் ஒன்று. கோலை ஊன்றி நடப்பது பக்தியாகவும் பயணமாகவும் இருந்த வழி அது. மக்கிலா இன்று பெரும்பாலும் மரியாதைப் பரிசு. ஓய்வுபெறுபவர், விருந்தினர், நாட்டுத் தலைவர் என்று யாருக்குக் கொடுத்தாலும் அவர் பெயரைப் பொறித்துத்தான் கொடுக்கிறார்கள்.

வில்லோவையும் மெட்லரையும் இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் கோலத்தின் மூலம் காயம். இரண்டிலும் வரைந்தது மரத்தின் தற்காப்பு. ஆனால் வில்லோவில் பூஞ்சை வளர்திசுவை ஆண்டுக்கணக்கில் கொன்றுகொண்டே வந்தது, மரம் தோற்ற இடம் குழியாயிற்று. மெட்லரில் கத்தி ஒருமுறை தொட்டுவிட்டு விலகியது, மரம் வென்ற இடம் மேடாயிற்று. முன்னதில் மரம் குறைகிறது. பின்னதில் அடிமரம் அப்படியே இருக்க, அதன்மேல் கூடுதலாகத் திசு சேர்கிறது. காயம் செய்தவருக்கு எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருந்ததே அந்த வேறுபாடு. மெட்லர்க்காரர் மரம் உயிரோடிருக்கும்போதே தம் கத்தியை நிறுத்துகிறார், வில்லோக்காரர் மரம் செத்தபிறகு நிறுத்துகிறார். இருவருக்கும் பயிற்சி அந்த ஓரிடத்தில்தான்.

வடு தங்காத தண்டு

தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வெளியே வைரம் பாய்ந்தவை புறக்காழ், அவை புல். உள்ளே வைரம் பாய்ந்தவை அகக்காழ், அவை மரம். அந்தப் பிரிவினையில் பனை, தென்னை, மூங்கில், பிரம்பு எல்லாம் மரத்தின் பக்கம் சேராமல் புல்லின் பக்கம் போகின்றன. இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவிதையிலைத் தாவரங்கள் என்று புல்லோடுதான் சேர்க்கிறது.

கைத்தடிக்கு இந்தப் பிரிவினை இரண்டு வகையில் முக்கியம். முதலாவது, வலு. வளைவின் சுமை வெளிநார்களில் விழுகிறது என்று பார்த்தோம். புறக்காழ்த் தண்டில் கெட்டியான நார் குவிந்திருப்பதும் வெளியில்தான். எங்கே வலு வேண்டுமோ அங்கே வைத்து, வேண்டாத நடுவில் சோற்றையோ வெற்றிடத்தையோ விட்டிருக்கிறது இயற்கை. யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கூரைக்குப் பனைமரச் சட்டங்கள் போட்டதும் இந்த வெளிவைரத்தை நம்பித்தான். முதிர்ந்த பெண்பனையின் வைரம் கறுப்பும் கெட்டியும் கூடியது என்பது அங்குள்ளவர்களின் கணிப்பு. பனை வைரத்தில் கைத்தடியும் குடைப்பிடியும் அளவுகோலும் செய்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பொருட்பட்டியல்கள் குறிக்கின்றன. இழைத்த பனைத்தடியில் கறுப்பு நார்கள் மஞ்சள்பழுப்புத் தளத்தில் கோடுகோடாக ஓடும். அந்தக் கோடு காயத்தின் தடம் அல்ல, தண்டின் உடற்கூறு. சிலம்பக்காரர்கள் கல்மூங்கிலைத் தேடுவதும் நெருங்கிய கணுவுக்கும் தடித்த சுவருக்கும்தான். பிரான்ஸில் கோல் விளையாட்டுக்கு 95 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய செஸ்ட்நட் கோல் பயன்படுகிறது. தூக்க இலேசாகவும் அடிக்க வேகமாகவும் இருக்க அந்த அகக்காழ் மரத்தை ஒல்லியாக இழைக்க வேண்டியிருக்கிறது. மூங்கிலுக்கு அந்த இலேசு பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, வடு. புறக்காழ்த் தாவரங்களுக்குப் பட்டைக்கடியில் சுற்றிவரும் வளர்திசு கிடையாது. எனவே அவை ஆண்டுதோறும் மரங்களைப் போலப் பருப்பதில்லை, காயத்தைப் புதுத் திசுவால் மூடுவதும் இல்லை. பனையில் அரிவாள் வெட்டு விழுந்தால் அது கடைசிவரை வெட்டாகவே இருக்கும். வில்லோவைப் போலக் குழிக்கு உதடு கட்டவும் தெரியாது, மெட்லரைப் போலக் கீறலைப் புடைக்கவைக்கவும் தெரியாது. மூங்கில் தண்டில் உயிரோடு இருக்கும்போது கோலம் கீறினால் கிடைப்பது கீறல் மட்டுமே.

அப்படியானால் புறக்காழ்த் தடியை அழகுபடுத்த நினைப்பவர் என்ன செய்வார்? தண்டைத் தொடாமல், அதன் தலையிலும் அடியிலும் கணுவிலும் வேறொன்றைக் கொண்டுவந்து சேர்ப்பார். தமிழ் மரபின் சான்றுகள் பெரிதும் இதையே காட்டுகின்றன. புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவருக்குப் பெயரே தொடித்தலை விழுத்தண்டினார். முதுமையில் ஊன்றும் கோலின் தலையில் பூண் இருந்தது என்பதற்கு ஈராயிரம் ஆண்டுச் சாட்சி அது. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும்போது வரும் தலைக்கோல், தோற்ற மன்னனின் வெண்கொற்றக்குடைக் காம்பிலிருந்து செய்தது. அதன் கணுக்களில் நவமணி பதித்து, கணுவிடையே பொற்தகடு போர்த்தியிருந்தார்கள். கோலின் பெருமை அது யாருடைய குடையில் இருந்தது என்பதிலும், எதைப் பதித்தார்கள் என்பதிலும் இருந்தது. தண்டின் இழையோட்டத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். தமிழ் நிலத்தில் அகக்காழ் மரங்களுக்குப் பஞ்சமில்லை. கருங்காலியில் கோலும் உலக்கையும் செய்த மரபு நமக்கு உண்டு. உண்மை. ஆனால் கருங்காலியின் மதிப்பு அதன் இடைவிடாத கறுப்பில் இருக்கிறது. வெள்ளை ஓட்டமோ முடிச்சோ இருந்தால் மதிப்புக் குறையும். அதாவது, வடுவுக்கு இடம்கொடுக்கக்கூடிய மரம் கையில் இருந்தும், வடுவற்ற தண்டையே விரும்பியிருக்கிறார்கள். மூங்கிலிலும் பிரம்பிலும் பழகிய கண், மரத்திலும் அதே சீரைத் தேடியது என்று கருத இடமிருக்கிறது. வரிவரியான வடுவை விரும்பிச் சேகரித்த தமிழ்க் கைத்தடி மரபு ஒன்று கிடைத்தால் இந்தக் கருதுகோளைத் திருத்த வேண்டிவரும்.

புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்கு

தலையில் பொன், தண்டில் பிரம்பு என்ற சேர்க்கை ஐரோப்பியருக்கும் பிடித்துப்போனது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாகரிகக் கனவான்களின் தடிகளில் பல, மலாய்த் தீபகற்பத்திலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் போன மலாக்காப் பிரம்பில் செய்தவை. அதன் கணுவிடை மிக நீளமானது. கணுவே இல்லாத ஒரு முழுத் தடியை ஒரே கணுவிடையிலிருந்து எடுத்துவிடலாம். அலாஸ்கா வில்லோவுக்கு வடு கூடக் கூட விலை ஏறும். மலாக்காப் பிரம்புக்கு ஒரு கணுகூட இல்லாததே விலை.

பிரெஞ்சுப் புதுச்சேரியில் இந்தச் சேர்க்கை அரசியல் மொழியாகவும் பேசியது. ஆளுநர் தூப்ளேக்ஸிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) பெற்ற சிறப்புரிமைகளில், பல்லக்கில் மேளதாளத்தோடு ஆளுநர் மாளிகைக்குள் போவதும், பாதரட்சை அணிவதும், தங்கப் பிடி போட்ட கைத்தடி வைத்துக்கொள்வதும் அடங்கும். யார் தங்கப் பிடி வைக்கலாம் என்பதைக் கும்பினி நிர்வாகம் முடிவு செய்தது. அந்தத் தடி ஊன்றுவதற்கானதாக இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தூரத்தில் வருபவர் யார் என்று சொல்வதே அதன் வேலை. 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பின் கைப்படிகள் இன்று பாரிஸில் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

அடுத்த நூற்றாண்டில் பாரிஸ் இதையே வேறு விதத்தில் செய்தது. நாவலாசிரியர் பல்சாக் 1834இல் பொற்கொல்லர் லெகுவாந்திடம் நீலப்பச்சைக் கற்கள் பதித்த பொற்குமிழ்த் தடி ஒன்றைச் செய்துகொண்டார். கடன்காரர்கள் துரத்திக்கொண்டிருந்த எழுத்தாளரின் கையில் இருந்த அந்தத் தடி கேலிச்சித்திரக்காரர்களுக்கு விருந்தாயிற்று. 1836இல் தெல்ஃபீன் த ஜிரார்தேன் அதை வைத்து ஒரு நாவலே எழுதினார். பாஸ்ஸி பகுதியிலுள்ள பல்சாக் இல்ல அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். பிள்ளைக்கு அரசு தந்த மதிப்பைப் பல்சாக் கடன் வாங்கியாவது தாமே தந்துகொண்டார். இரண்டிலும் பேசுவது குமிழ், தண்டு வாய்மூடி நிற்கிறது. மக்கிலாவும் வில்லோவும் அந்த வரிசையிலிருந்து விலகுகின்றன. அவற்றில் தண்டுதான் பேசுகிறது. குமிழைக் கழற்றிவிட்டாலும் அந்தத் தடிகளின் அடையாளம் போகாது.

லா சப்பலுக்கு எந்தத் தடி?

இந்த ஒப்பீட்டை லா சப்பலின் நடைபாதைக்குக் கொண்டுவந்து பார்ப்பது நல்லது. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் ரூ பாஜோலில் இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அதன் தேர் வெளிவரும் நாளில், இந்தத் தெருக்களில் தேங்காய்ச் சிரட்டையும் தண்ணீருமாக இருக்கும். அந்தத் தரையில் முதியவர் ஒருவர் ஊன்றி நடக்க வேண்டும். மற்ற நாட்களில் 1903இல் திறந்த லா சப்பல் மெட்ரோ நிலையத்துக்குப் படியேற வேண்டும், அது மேம்பாலத்தின்மேல் நிற்கிறது. பாரிஸ் மெட்ரோவில் முழுவதும் படியின்றிப் போகக்கூடிய பழைய பாதை எதுவும் இல்லை, புதிய பதினான்காம் பாதைக்கு மட்டும் அந்த வசதி உண்டு. கைத்தடி இங்கே அலங்காரத்துக்கு முன் போக்குவரத்துச் சாதனம்.

அதற்கான விதிகளை எந்த மறுவாழ்வுச் சிகிச்சையாளரும் சொல்வார். வெளியே போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரமே தடியின் உயரம். அதைப் பிடிக்கும்போது முழங்கை இலேசாக, ஏறத்தாழ இருபது முப்பது பாகை மடங்கும். வலது இடுப்போ முழங்காலோ வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பலரும் வலிக்கும் பக்கமே பிடிப்பார்கள், அது தவறு. எதிர்ப்பக்கம் ஊன்றும்போது தடிக்கும் வலிக்கும் இடுப்புக்கும் இடையே தூரம் கூடுகிறது. அந்த நெம்புகோல் நீளத்தால் கையின் சிறு அழுத்தமே இடுப்புத் தசையின் பெரும் பளுவைக் குறைத்துவிடும். அடிப்பூண் ரப்பராக இருக்க வேண்டும், அதன் வரிகள் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். ஈரக் கல்லில் தேய்ந்த ரப்பர் வழுக்கும்.

இந்த விதிகளை வைத்துப் பார்த்தால் அலுமினியத் தடியைக் குறைசொல்வது கடினம். விலை குறைவு, நீளத்தை மாற்றலாம், வலு சீரானது. மரத்தடி அதன் இடத்தைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் அதே தேர்வில் தேற வேண்டும். பனை வைரத் தடி நேராகவும் போதிய பருமனோடும் இருந்தால் எளிதில் தேறும், நார் சிலும்பாமல் எண்ணெய் பூசிவைப்பது மட்டுமே அதற்கு வேண்டிய கவனம். மக்கிலாவின் புடைத்த தழும்பு சுமையைப் பாதிக்காது. ஆனால் அதன் நேரான பிடி நடைப்பயணத்துக்கானது, உள்ளங்கை முழுதும் பதிய ஊன்ற வேண்டியவருக்கு வளைந்த பிடிதான் உதவும். வில்லோத் தடியை வாங்குபவரோ செய்பவரோ மட்டும் குழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தடியின் நடுப்பகுதியில் பெரிய குழி இருக்கக் கூடாது. ஒரே உயரத்தில் இரண்டு குழிகள் எதிரெதிரே இருக்கக் கூடாது. சுற்றியுள்ள உதடு அப்படியே இருக்க வேண்டும். ஊன்றுமுன் இரு முனையையும் தாங்கலில் வைத்து நடுவில் அழுத்திப் பார்க்க வேண்டும், முனகினால் ஒதுக்கிவிடலாம்.

பாரிஸின் பொதுப் பூங்காவிலோ அரசுக் காட்டிலோ அனுமதியின்றிக் கிளை வெட்ட முடியாது. எனவே இங்கே தாமே தடி செய்ய விரும்புபவர் தோட்டக்காரரிடமோ மரக்கடையிலோ செஸ்ட்நட்டைத்தான் பெறுவார். அதில் சாய்சதுரமும் இருக்காது, தழும்புக் கோலமும் இருக்காது. அவருக்குத் தமிழ் மரபு ஒரு வழி காட்டுகிறது. தண்டைத் தொடாதே, தலையில் பூண் போடு. பாஸ்க் மரபும் ஒன்று சொல்லித்தருகிறது. உடையவரின் பெயரைப் பொறி. இரண்டும் வலுவைக் குறைக்காத அலங்காரம். தடி செஸ்ட்நட்டோ பனையோ வில்லோவோ, தேங்காய்த் தண்ணீர் ஓடும் தெருவில் ஒரு முதியவரின் எடை முழுவதும் ஒரு கணம் அதன்மேல் விழும்போது அது நிற்க வேண்டும். நின்றபிறகு அதன் கோலத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.